அந்தக் கையெழுத்தை நீ போடாதே

ராசா,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குகிற கடிதம் இல்லை இது. நீ நலமாக இல்லை என்று எனக்குத் தெரியும். நானும் இல்லை. அந்த வரியை மிச்சம் பிடித்து நேராக விஷயத்துக்கு வருகிறேன். மூன்று தடவை உனக்கு போன் போட்டேன். முதல் தடவை "வேலையா இருக்கேம்மா" என்றாய். இரண்டாம் தடவை "விடும்மா, கையெழுத்துப் போட்டா எல்லாம் முடிஞ்சிரும்" என்றாய். மூன்றாம் தடவை நான் சத்தம் போட்டபோது, "ஒனக்காகத்தாம்மா போடுறேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். அதற்கப்புறம் எத்தனை தடவை அடித்தாலும், நீ தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒருத்தி இனிக்க இனிக்கச் சொல்கிறாள். கடிதத்தை அப்படி அணைத்து வைக்க முடியாது. பிடிக்காவிட்டாலும் மேசைமேல் கிடக்கும். எட்டாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன், தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள். தபால்காரர் திட்டினாலும் உறையை ஒட்டாமல்தான் அனுப்புவேன். உன் அறையில் இருப்பவர்கள் படிக்கட்டும். அடுத்த புதன்கிழமை உன்னை விசாரிக்கப்போகிற மருத்துவ கவுன்சில் பெரியவர்கள் படித்தாலும் எனக்குச் சம்மதம்தான்.

நீ கையெழுத்துப் போடப்போகும் காகிதத்தின் நகல் என்னிடமும் இருக்கிறது. ஆஸ்பத்திரி மேனேஜர் உனக்கு அதை அனுப்புவதற்கு முந்தின நாளே என்னிடம் காட்டி, ஒரு நகலும் கொடுத்துவிட்டுத்தான் போனார். ரஷ்யாவில் படித்ததால் உனக்கு இங்குள்ள வைத்திய முறை சரியாகத் தெரியாதாம். இங்கே எழுத வேண்டிய தகுதிப் பரீட்சையில் தேறிவிட்டதாகப் பொய் சொல்லி நீ அங்கே வேலையில் சேர்ந்தாயாம். தீக்காயத்தோடு வந்த கருப்பசாமியை மதுரைக்கு அனுப்பாமல் இரண்டு நாள் வைத்திருந்தது உன் சொந்த முடிவாம், அதனால்தான் அவனுடைய வலது கையை எடுக்கவேண்டி வந்ததாம். அத்தனையும் பொய். பொய் என்று தெரிந்தவர்கள் நீ, நான், அந்த ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர், அவருடைய மேனேஜர். நாலு பேரில் நஷ்டப்படப்போவது நீ மட்டும்தான். இவ்வளவு பாடுபட்டு இப்போது பரீட்சையில் தேறி, பதிவுக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறாய். இந்தக் காகிதம் மருத்துவ கவுன்சில் கைக்குப் போனால் பதிவு கிடையாது. உன் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொள்ள ஆயுசுக்கும் உரிமை கிடையாது. எல்லாம் முடிஞ்சிரும் என்றாயே, முடியப்போவது நீதான்லே.

நீ ரஷ்யாவுக்குக் கிளம்பின காலத்தை நினைத்துப் பார்க்கிறேன். ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் உழைத்து உன் அப்பா வாங்கிப் போட்ட ஒன்றரை ஏக்கர் கரிசலை விற்றுத்தான் உன்னை அனுப்பினேன். அப்பா இறந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. இங்கே அரசாங்கக் கல்லூரியில் உனக்கு இடம் கிடைக்காமல் போனது அரை மார்க்கில். உன்னைவிட எவ்வளவோ குறைவாக வாங்கிய பையன்கள் அப்பன் பணத்தில் தனியார் கல்லூரிக்குப் போனார்கள், அது யாருக்கும் தப்பாகத் தெரியவில்லை. நீ விமானம் ஏறினதுதான் ஊருக்கு வேடிக்கையாக இருந்தது. "தீப்பெட்டி ஆபீஸ்ல லேபிள் ஒட்டுனவ மகன் ரஷ்யாவுல டாக்டருக்குப் படிக்கப் போறானாம்ல" என்று என் பழைய வேலையைச் சொல்லி உன் பெரியப்பா வீட்டிலேயே சிரித்தார்கள். நீ முதல் வருஷம் முழுக்க அவர்கள் பாஷையைப் படித்தாய். பனிக்குள் தொப்பியும் கோட்டும் மாட்டிக்கொண்டு நிற்கிற போட்டோ அனுப்பினாய். "கம்பளி சுத்துன குரங்குக்குட்டி மாதிரி இருக்கலே" என்று போனில் சொல்லிவிட்டு, வைத்தபிறகு பூத்துக்குள்ளேயே நின்று அழுதேன். நீ போகும்போது, திரும்பி வந்ததும் பதிவு செய்துகொள்ளலாம் என்றுதான் சொன்னார்கள். வந்து இறங்கும்போது புதுசாக ஒரு பரீட்சை வாசலில் நின்றது. வெளிநாட்டில் படித்தவன் அதில் தேறினால்தான் இங்கே டாக்டர்.

அந்தப் பரீட்சையே வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. பட்டாசுக் கம்பெனியில் இருபது வருஷம் இருந்தவள் நான். வெடிமருந்து கலக்கிற அறைக்குள் புது ஆளை விடுவதற்கு முன்னால் நாலு கேள்வி கேட்பேன். பதில் தடுமாறினால், போய்ப் பெட்டி ஒட்டு என்று வெளியே அனுப்பிவிடுவேன், அவன் யார் மகனாக இருந்தாலும் சரி. உயிர் விஷயத்தில் சோதிக்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு வாசலில் வருகிறவனை மட்டும் சோதித்துவிட்டு, இன்னொரு வாசலில் வருகிறவனுக்கு மாலை போட்டால் அதற்குப் பேர் சோதனை இல்லை. நீ இரண்டு தடவை தோற்றது டீக்கடை வரைக்கும் தெரிந்தது. நம்ம பெரிய டாக்டரின் மருமகன் தனியார் கல்லூரியில் எத்தனை பாடத்தில் எத்தனை தடவை எழுதினார் என்று யாருக்காவது தெரியுமா? உனக்குக் கொடுத்த அதே கேள்வித்தாளை அவர் கையிலும் ஒருநாள் கொடுத்துப் பார்க்க எனக்கு ரொம்ப ஆசை. நீ மூன்றாம் தடவை தேறிவிட்டாய். தேறின பிறகும் ஊர் உன்னை ரஷ்யா டாக்டர் என்றுதான் சொல்கிறது. அவரை யாரும் எந்த ஊர்ப் பேரையும் சேர்த்துச் சொல்வதில்லை.

சரி, மற்றவர்களைத் திட்டி முடித்துவிட்டேன். இனி என் முறை. இரண்டாம் தடவையும் தோற்றுவிட்டு நீ சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாயே, அந்த மாதங்களில்தான் நான் முதல் தப்பைச் செய்தேன். யாருக்கும் சொல்லாமல் சிவகாசியில் பெரிய டாக்டரைப் போய்ப் பார்த்தேன். கம்பெனி விபத்துகளுக்கெல்லாம் நாங்கள் போகிற ஆஸ்பத்திரி என்பதால் அவருக்கு என்னை நன்றாகத் தெரியும். "பையன் பரீட்சைல தேறலய்யா, வீட்லயே கெடக்கான்" என்று என் வாயால்தான் சொன்னேன். அவர் சிரித்தார். "தேறலன்னா என்னம்மா? பேரு என் பேரு, சீட்டு என் சீட்டு. அவன் வேலையப் பாக்கட்டும்" என்றார். எனக்குக் கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது. அதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவே இல்லை. ஏன் தோன்றவில்லை என்று இப்போது யோசித்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது.

நம்ம பக்கத்தில் பட்டாசு லைசென்ஸ் ஒருவர் பேரில் இருக்கும், பட்டாசு செய்கிற ஷெட்டை நடத்துகிறவர் வேறொருவர். போர்மேன் சான்றிதழும் அப்படித்தான். ஏழாயிரம்பண்ணையில் நான் வேலை பார்த்த கம்பெனியின் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த சான்றிதழ், விருதுநகரில் இருக்கிற ஒரு மனிதருடையது. வெடிமருந்துச் சோதனை அதிகாரிகள் வருகிற அன்று காலையில் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நிற்பார், டீ குடிப்பார், தலையாட்டுவார், போய்விடுவார். மற்ற நாளெல்லாம் போர்மேன் நான்தான். நாற்பது பேர் என்னை "போர்மேன் அக்கா" என்று கூப்பிட்டார்கள். என் பெயர் எந்தக் காகிதத்திலும் கிடையாது. பத்து வருஷம் அப்படியே ஓடியதில், உலகத்தில் எல்லா வேலையும் இப்படித்தான் நடக்கிறது என்று நினைத்துவிட்டேன். நீ மட்டும் வேண்டாம் என்றாய். "இது ஷெட்டு இல்லம்மா. பதிவில்லாம மருந்து எழுதுனா குத்தம்" என்றாய். "போலே, பெரிய வக்கீலு. இங்கன யாரு பேர்ல யாரு இருக்காகன்னு ஒனக்குத் தெரியுமா? வேலை தெரிஞ்சாப் போதும்" என்று வாயை அடைத்தேன். சின்னப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற மாதிரி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் விட்டேன். பெரிய டாக்டர் தினமும் காலையில் ஒரு கட்டுச் சீட்டில் வெறும் கையெழுத்தைப் போட்டு வைத்துவிட்டு விருதுநகர் கிளினிக்குக்குப் போய்விடுவார். மேலே மருந்தை எழுதுவது நீ. எட்டு மாதம் அப்படி நடந்தது. இதில் நீ யாரை ஏமாற்றினாய்?

அடுத்தது அந்த நாள். நீ அதை என்னிடம் ஒரு தடவைகூடப் பேசியதில்லை. நான் பேசுகிறேன். தீபாவளி சீசன், ஆர்டர் தலைக்குமேல் நின்றது. லோடு ஏற்ற லாரி வந்து நிற்கிறது என்று நான் எல்லாரையும் விரட்டிக்கொண்டிருந்தேன். அந்த விரட்டலில்தான் கருப்பசாமி, பாத்திரத்தில் ஒட்டிக்கொண்ட வெடிமருந்தை மரக்கரண்டியை விட்டுவிட்டு இரும்புத் தகட்டால் சுரண்டினான். உரசலில் மருந்து வெடித்துவிட்டது. விரல் நுனியிலிருந்து முழங்கை வரைக்கும் வலது கை சுற்றிவர வெந்துபோயிற்று. கம்பெனி வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு மத்தியானத்துக்குள் உங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டோம். நீ பார்த்தாய். நிதானமாகத்தான் பார்த்தாய். நீ சொன்னது ஒரு எழுத்துக் குறையாமல் எனக்கு ஞாபகம் இருக்கிறது. "கையச் சுத்தி வெந்துருக்கும்மா. தோலு இறுகி ரத்த ஓட்டத்த அமுக்கிரும். சில மணி நேரத்துல கீறி விடணும், இல்லன்னா கை செத்துரும். இங்க அதுக்கு வசதி இல்ல. இப்பமே மதுரைக்கு அனுப்பணும்." பெரிய டாக்டருக்கு போன் போட்டாய். "கட்டுப் போட்டு வைய்யி, நான் வந்து பாக்கேன்" என்றார். நீ கேட்கவில்லை. வேனைத் திருப்பச் சொல்லிவிட்டு, மதுரைக்கு எழுதுகிற சீட்டை எடுத்துப் பாதி எழுதியும் விட்டாய்.

அப்போது உன் கையைப் பிடித்தது யார்? நான். மதுரைக்குப் போனால் போலீஸ் வரும், அதிகாரிகள் வருவார்கள், சம்பவம் நடந்தபோது போர்மேன் எங்கே என்று கேட்பார்கள். சுவரில் சான்றிதழ் மாட்டியிருக்கிறவர் விருதுநகரில் மத்தியானத் தூக்கத்தில் இருப்பார். "என் பேரு எதுலயும் இல்லலே. சான்றிதழ் இல்லாம போர்மேன் வேல பாத்தேன்னு என்னத்தான் பிடிப்பாக. அம்மாவ ஜெயில்ல வந்து பாக்கவா ரஷ்யாவுல போயிப் படிச்ச?" என்று உன்னிடம் அழுதேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. நீ என்னைப் பார்த்தாய், கட்டிலில் கிடந்தவனைப் பார்த்தாய், பேனாவைக் கீழே வைத்துவிட்டாய். அதோடு நிற்கவில்லை நான். வெளியே கருப்பசாமியின் பெண்டாட்டி பாக்கியம் நின்றுகொண்டிருந்தாள். "மதுரைக்கெல்லாம் போகணுமாக்கா?" என்று கேட்டாள். "வேண்டாம்த்தா, வீண் அலைச்சல். இங்கனயே நல்லாப் பாக்காக" என்றேன். போர்மேன் அக்கா சொன்னால் சரிதான் என்று நம்பினாள். பெரிய டாக்டர் மறுநாள் மத்தியானம்தான் வந்தார், பார்த்துவிட்டு இன்னும் ஒருநாள் போகட்டும் என்றார். மூன்றாம் நாள் மதுரைக்குக் கொண்டுபோனபோது மணிக்கட்டுக்குக் கீழே எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை என்றார்கள். அங்கே கேட்டால் வீட்டில் ஸ்டவ் வெடித்துவிட்டது என்று சொல்லச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். இதையெல்லாம் வலது கையால்தான் எழுதுகிறேன். அது என்னிடம் இருக்கிறது.

கொஞ்ச நாளில் பாக்கியம் ஆஸ்பத்திரிக்குப் போய் நியாயம் கேட்டிருக்கிறாள். அவளைச் சமாதானப்படுத்த அவர்களுக்கு ஒரு ஆள் வேண்டும். நீ வேலையை விட்டுவிட்டு, மூன்றாம் தடவை பரீட்சை எழுதச் சென்னைக்குப் படிக்கப் போயிருந்தாய், வசதியாகப் போயிற்று. "நாங்களே ஏமாந்துட்டோம்மா, அந்த ரஷ்யாக்காரன் போலி" என்று சொல்லி, மனுவையும் அவர்களே எழுதி, அவளிடம் கையெழுத்து வாங்கி கவுன்சிலுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த மனுவில் பெரிய டாக்டரின் பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை. நீ எங்கே படித்தாய் என்பது மட்டும் நாலு இடத்தில் இருக்கிறது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள், அது இதுதான். போன வருஷம் நம்ம ஊரிலேயே இன்னொரு ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்குப் போன பெண்ணைத் தாமதமாக மதுரைக்கு அனுப்பி, பிள்ளை தங்கவில்லை. அந்த டாக்டர் இங்கேயே படித்தவர், கௌரவமானவர். நாலு பெரிய மனிதர்கள் உட்கார்ந்து பேசினார்கள், ஆண்டவன் செயல் என்று முடிந்தது. அவர் எந்தக் கல்லூரி என்று யாரும் கேட்கவில்லை, எந்தக் கவுன்சிலுக்கும் யாரும் எழுதவில்லை. அவரைத் தூக்கில் போடச் சொல்லவில்லை நான். கேள்வி கேட்டால் இரண்டு பேரையும் கேளுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

மேனேஜர் அந்தக் காகிதத்தோடு வீட்டுக்கு வந்த அன்று நான் என்ன செய்தேன் தெரியுமா? காபி போட்டுக் கொடுத்தேன். "தம்பி இதுல கையெழுத்துப் போட்டுட்டா ஷெட்டு விவகாரம் வெளிய வராதுக்கா. நீங்களும் தப்பிச்சீக, பெரியவரும் தப்பிச்சாரு. தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு நெனச்சுக்கோங்க" என்றார். தலைப்பாகை என்று அவர் சொன்னது உன்னை. எனக்கு அப்போது உறைக்கவில்லை. பத்து நாள் நிம்மதியாகத் தூங்கினேன். நீயும் பயந்துபோய் ஒத்துக்கொண்டதாகத்தான் நினைத்தேன். வேறு ஏதாவது வேலை பார்த்துப் பிழைத்துக்கொள்வான், சின்ன வயசுதானே என்றுகூட மனசுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். பெற்ற தாய் நினைக்கிற நினைப்பா அது? நீ போனில் "ஒனக்காகத்தாம்மா" என்று சொன்னபோதுதான் எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. அன்றைக்கும் எனக்காகத்தான் பேனாவைக் கீழே வைத்தாய். இன்றைக்கும் எனக்காகத்தான் பேனாவைக் கையில் எடுக்கிறாய். போதும்லே. உன் அம்மா அவ்வளவு பெரிய சாமி இல்லை, இத்தனை பலி கேட்க.

ஆகையால் நான் செய்து முடித்துவிட்டதைச் சொல்கிறேன். திங்கட்கிழமை முதலாளியிடம் போய், நடந்ததை எழுதிக் கொடுக்கப்போகிறேன் என்று சொன்னேன். "ஏம்மா, ஊருல இல்லாததையா நாம செஞ்சோம்? இம்புட்டு நாள் நல்லாத்தான இருந்தீக" என்று வருத்தமாகக் கேட்டார். பிறகு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார், அதையும் வருத்தமாகத்தான் சொன்னார். செவ்வாய்க்கிழமை அதிகாரிகளின் ஆபீஸில் எழுதிக் கொடுத்துவிட்டேன். போர்மேன் வேலை பார்த்தது நான், விரட்டினது நான், ஸ்டவ் என்று பொய் சொல்லச் சொன்னது நான் என்று எல்லாம் இருக்கிறது. வாங்கினவர் இரண்டு தடவை படித்துவிட்டு, "கேஸ் வரும்மா, யோசிச்சுத்தான் குடுக்குறீகளா?" என்று கேட்டார். "யோசிக்காமச் செஞ்சதுதான் அதுல எழுதியிருக்கு. குடுக்கிறது யோசிச்சுத்தான்" என்றேன். ஜெயில் என்றால் ஜெயில். நீ கையெழுத்துப் போட்டு என்னைக் காப்பாற்ற இனி ஒன்றும் மிச்சமில்லை. நீ கத்துவாய் என்று தெரிந்துதான் உனக்குச் சொல்வதற்கு முன்னால் செய்தேன்.

இனி நீ செய்ய வேண்டியது. அங்கே போய் நான் யோக்கியன், எல்லாம் மற்றவர்கள் சதி என்று ஆரம்பிக்காதே. பதிவு இல்லாமல் எட்டு மாதம் வைத்தியம் பார்த்தது உண்மை, அதை முதல் வரியிலேயே சொல். யார் தள்ளிவிட்டாலும் நடந்துபோனது உன் கால்தான். அதற்கு என்ன தண்டனை கொடுத்தாலும், இரண்டு வருஷம் காத்திரு என்றாலும் தலைகுனிந்து வாங்கிக்கொள். இன்னொன்றும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நான் உனக்குத் தாயே இல்லை. கை செத்துவிடும் என்று தெரிந்தும், அம்மா அழுகிறாள் என்று பேனாவை வைத்த டாக்டர் நீ. ரஷ்யாவில் சொல்லிக் கொடுத்த பாடம் சரியாகத்தான் இருந்தது, சிவகாசியில் நீ அதை விட்டுக்கொடுத்தாய். இனிமேல் உன் முன்னால் யார் அழுதாலும், முதலாளியோ மந்திரியோ பெற்றவளோ, எழுத ஆரம்பித்த சீட்டை எழுதி முடித்துவிட்டு அப்புறம் கண்ணைத் துடைத்துவிடு. இந்த இரண்டும் உன் தப்பு. மற்றதை எவன் உன் தலையில் வைத்தாலும் கீழே இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்து நில். பெரிய டாக்டரின் கையெழுத்து போட்ட வெறும் சீட்டு ஒரு கட்டு உன் பழைய புத்தகப் பெட்டியில் இருந்தது, எடுத்து வைத்திருக்கிறேன். என்னையும் அவரையும் கேட்கிற அதே கேள்வியை உன்னையும் கேட்கட்டும். அவரைக் கேட்காமல் உன்னை மட்டும் கேட்டால், ஏன் என்று நீ திருப்பிக் கேள். அது மரியாதைக் குறைவு இல்லை.

கடைசியாக ஒன்று. நேற்று ஆனைக்குட்டத்துக்குப் போனேன். கருப்பசாமி வீட்டு வாசலில் உட்கார்ந்து இடது கையால் சட்டைப் பட்டனைப் போடப் பழகிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் வலது பக்கத்தைத் துண்டால் மூடிக்கொண்டு, "வாங்கக்கா, உக்காருங்க" என்றான். உட்கார எனக்கு மனசு வரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவன் எழுந்து உள்ளே போய்விட்டான். பாக்கியம்தான் கேட்டாள். "ஒங்க மகன் அன்னைக்கே மதுரைக்கு அனுப்பணும்னு சொன்னாரா?"

"சொன்னான்."

"தடுத்தது யாரு?"

"நாந்தான்."

"ஒங்க பேச்சத்தானக்கா நான் கேட்டேன். மதுரைக்குப் போகணுமான்னு ஒங்ககிட்டத்தான கேட்டேன்" என்று சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "எந்திரிச்சுப் போயிருங்க. இங்கன நிக்காதீக" என்றாள். நான் மன்னிப்புக் கேட்கவில்லை ராசா. கேட்டால் அதையும் அவளிடமிருந்து வாங்கிக்கொண்டு வருகிற மாதிரி ஆகும். பஸ்ஸுக்கு வந்து நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவள் பின்னாலேயே வந்தாள், மூச்சு வாங்கியது. "அந்த மனு நான் எழுதல. அவுக எழுதுனாக, நான் கையெழுத்துப் போட்டேன். இதையெல்லாம் மெட்ராஸ்ல வந்து சொல்லுவீகளா?" என்று கேட்டாள். சொல்லுவேன் என்றேன். "அந்தப் பெரிய டாக்டர் மூஞ்சிக்கு நேராவா?" என்றாள். அவர் மூஞ்சிக்கு நேராத்தான் என்றேன். "அப்ப எனக்கும் சேத்து ஒரு டிக்கெட்டு எடுங்க. ஒங்கள நம்பி வரல. நீங்க சொல்லுறீகளா இல்லையான்னு பாக்க வாரேன்."

இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டேன். புதன்கிழமை காலையில் நீ அந்தக் கட்டிடத்துக்கு வரும்போது வெளியே பெஞ்சில் நாங்கள் உட்கார்ந்திருப்போம். என்னைக் கண்டதும் "ஏம்மா வந்த" என்று ஆரம்பிக்காதே. உன் பெயரைக் கூப்பிட்டதும் உள்ளே போய் உன் தப்பை நீ சொல். என் தப்பைச் சொல்லவோ மறைக்கவோ உனக்கு உரிமை இல்லை, அதை நான்தான் சொல்ல வேண்டும். சம்பந்தமில்லாத பொம்பளையை உள்ளே விட முடியாது என்று அவர்கள் சொல்லக்கூடும். சொல்லட்டும். ஆறு ஷெட்டுக்கு அந்தப்பக்கம் நிற்கிறவனை நின்ற இடத்திலிருந்து கூப்பிட்டு வேலை வாங்கினவள் நான். கதவை எம்புட்டு இறுக்கிச் சாத்தினாலும் நான் சொல்வது உள்ளே கேட்கும்.

உன் அம்மா